பெயர் மரத்தில் இரண்டு கோடுகள்

தங்கைக்குப் பெயர் வைத்த அன்று அப்பா, அம்மா, மாமா, எதிரேயிருந்த வங்கியின் சீக்கியக் காவல்காரர், ரொட்டி சுட்டு விற்கும் போர்த்துகீசிய வம்சத்து அண்டைவீட்டு அம்மாள் எல்லோரும் இருந்தார்கள். தங்கையைப் பெற்ற சீனப் பெண் வரவில்லை. தீவின் மறுகோடியிலிருக்கும் பாலிக் புலா ஊரிலிருந்து குழந்தையைக் கொண்டுவந்து அம்மாவின் மடியில் போட்டுவிட்டுத் திரும்பிப் பாராமல் போனவள் அவள். எங்கள் தெருவில் இன்னும் இரண்டு வீடுகளில் அப்படி வந்த மகள்கள் இருந்தார்கள்.

எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூட வாசலை மிதித்த முதல் ஆள் நான். அந்த வாரம் வாத்தியார் ஓர் அதிசயம் சொல்லியிருந்தார். பெயரைக் குறிக்கும் ஆங்கில 'நேம்', லத்தீன் 'நோமென்', சமஸ்கிருத 'நாமன்' எல்லாம் ஒரு தாய்ப் பிள்ளைகளாம். அந்தத் தாய்ச்சொல்லைக் காதால் கேட்டவர் இன்று யாருமில்லை. பிள்ளைகளின் சாடையை வைத்துத் தாயின் முகத்தை ஊகிக்கிறார்களாம். அந்த வம்சத்தை மரமாக வரைந்து வரவேண்டும். சிறந்த மரத்துக்குப் பரிசு. காவல்காரரிடம் அவர் மொழியின் 'நாம்', ரொட்டிக்கார அம்மாளிடம் அவர் வீட்டுப் பேச்சின் 'நோமி' கேட்டு வாங்கி, என் மரத்தில் இரண்டு கிளை கூட்டியிருந்தேன்.

"இங்கிலீஸ் படிச்ச பய, எல்லாருக்கும் காட்டுடா" என்றார் அப்பா. காட்டினேன்.

மாமா உற்றுப் பார்த்தார். "மலாய்க்காரங்க 'நாமா'ங்கிறாங்களே, அது எங்கடா? நம்ம 'நாமம்' எங்க?"

"அது ரெண்டும் சமஸ்கிருதத்துலேருந்து எடுத்தது மாமா. இரவல். பொறந்த பிள்ளைங்க இல்ல. மரத்துல இடம் கிடையாது."

அப்பாவும் மாமாவும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். என் புலமையில் மலைத்துவிட்டார்கள் என்று எண்ணிக்கொண்டேன்.

அம்மா தங்கையைத் தோள் மாற்றிப் போட்டுக்கொண்டாள். "எவ்வளவு நாளா அதைப் புழங்குறோம்?"

"ஆயிரம் வருசம் இருக்கும்மா."

"ஆயிரம் வருசம் வீட்டுல இருந்தும் விருந்தாளியாடா? கோடு போடு."

"வாத்தியார் மார்க்கைக் குறைப்பாரும்மா!"

"அப்ப பாயசத்தையும் அவர் வீட்டுலயே போய்க் குடிடா."

பாயசத்தை நினைத்துப் புள்ளி புள்ளியாக இரண்டு கோடு இழுத்தேன்.

"புள்ளி எதுக்கு? மத்ததுக்குப் போட்ட மாதிரியே போடு."

அழுத்திப் போட்டேன். ஒரு சொல்லும் விளங்காத காவல்காரர் பலமாகக் கைதட்டினார். அதன் பிறகுதான் மாமா குனிந்து, குழந்தையின் காதில் மூன்று தரம் பெயரைச் சொன்னார்.

வாத்தியார் இரண்டு கோடுகளையும் சிவப்பு மையால் அடித்தார். பரிசு வேறொருவனுக்குப் போயிற்று. எழுத்தே தெரியாத அம்மாவுக்கு ஒரு சொல்லின் மேல் அப்படி என்ன பிடிவாதம் என்று வெகுநாள் பொருமினேன். அவள் தோளில் கிடந்தவளை நான் நினைத்துப் பார்க்கவே இல்லை.

கோட்டுக்கு ஐந்தாக, மொத்தச் செலவு பத்து மார்க்கு.