கேசிங் இறக்கிய பிறகு

கீழ்பென்னாத்தூர் பக்கம் போர்வெல் போடும் வண்டியில் இருபது வருஷம் வேலை பார்த்தேன். மண் சரிகிற இடத்தில் துளை மூடிக்கொள்ளாமல் இருக்கக் கேசிங் பைப் இறக்குவோம். இறக்கினால் அதோடு சரி. யாரும் திரும்ப எடுப்பதில்லை. இந்தத் தொழில் புத்தி என்னைக் கொன்றிருக்கும்.

இரண்டாயிரம் பிறந்து மூன்று நாலு வருஷம் இருக்கும். ஐந்து நாளாக வெளிக்குப் போகவில்லை. காற்றும் பிரியவில்லை. வயிறு உப்பி இறுகிவிட்டது. பிறகு வாந்தி. திருவண்ணாமலையில் படம் எடுத்துப் பார்த்துவிட்டுச் சென்னைக்குப் போகச் சொன்னார்கள். வேனில் என் மனைவி வாயே திறக்கவில்லை. சும்மா இருக்கிற ஆள் இல்லை அவள். அதுதான் எனக்குப் பயம்.

சென்னை டாக்டர் கட்டில் ஓரம் உட்கார்ந்து சொன்னார்.

"பெருங்குடல்ல கேன்சர் கட்டி. வழியை அடைச்சிடுச்சு. இப்படி வீங்கின குடலை இன்னைக்கே அறுத்தா மலம் போறதுக்கு வயித்துல பை கட்ட வேண்டி வரலாம். முதல்ல கம்பி வலைக் குழாய் ஒண்ணு வெச்சு வழி தொறக்கலாம். வீக்கம் வத்தினதும் ரெண்டு வாரத்துல ஆபரேஷன்."

"கேசிங் பைப்புங்களா?"

சிரித்தார். "அப்படியே வெச்சுக்கோங்க."

நான் அப்படியே வைத்துக்கொண்டேன்.

பின்வழியாகக் குழாயை வைத்தார்கள். மறுநாள் கக்கூஸ் கதவுக்கு வெளியே அவள் நின்றாள்.

"ஆச்சா?"

"ஆச்சு."

வெளியே அழுகிற சத்தம் கேட்டது.

வீட்டுக்கு வந்தேன். வயிறு வற்றியது. இட்லி இறங்கியது. ஆபரேஷன் நாள் வந்தபோது வரவில்லை என்றேன்.

"கேசிங் எறக்கியாச்சு, தண்ணி வருது. மறுபடி எதுக்குத் தோண்டணும்?"

உண்மையில் வயிற்றில் கட்டும் அந்தப் பையை நினைத்துத்தான் பயம். அதைக் கட்டிக்கொண்டு வண்டியில் நாலு பேரோடு எப்படி நிற்பது? அவளிடம் சொல்லவில்லை.

"பாறை போச்சா? அங்கியேதான கீது? உன் பாறை வளராது, இந்தக் கட்டி வளரும். கெளம்புய்யா!" என்று சட்டையை எடுத்து என் மேலே போட்டாள்.

போனேன். கட்டியைக் குழாயோடு சேர்த்து அறுத்தார்கள். பை தேவைப்படவில்லை. ஆனால் பக்கத்துக் கட்டில்காரர் ஒன்று சொல்லியிருந்தார். டாக்டரிடம் கேட்டேன்.

"அந்தக் கம்பி கட்டியை நெரிச்சிருக்குமே. அதுல செதறி வேற எடத்துக்குப் போயிருக்குங்களா?"

"அந்தச் சந்தேகம் எங்களுக்கும் இருக்கு. அடிச்சுச் சொல்ல முடியலை. அஞ்சு வருஷம் பார்க்கணும்."

பொய் சொல்லாத மனுஷர். ஆனால் அன்றைக்கு ஒரு பொய் சொல்லியிருக்கலாம்.

ஆறு மாசம் மருந்து ஏற்றினார்கள். மறுபடி வேலைக்குப் போனேன். ஏப்பம் வந்தாலும் பயம், வராவிட்டாலும் பயம். ஒவ்வொரு முறையும் டாக்டர் ஸ்கேன் கவரைப் பிரிக்கும்போது அவர் முகத்தைப் பார்க்க மாட்டேன். கையைத்தான் பார்ப்பேன்.

காலையில் கதவுக்கு வெளியே "ஆச்சா?" நிற்கவே இல்லை. பக்கத்து வீட்டு அம்மா, "உங்க வூட்டு 'ஆச்சா?' கேட்டுத்தாங்க நாங்க எழுந்துக்கறோம்" என்று கிண்டல் செய்வார்.

ஐந்தாம் வருஷம் டாக்டர் கவரைப் பிரித்தார். "சுத்தமா இருக்கு. இனிமே வருஷா வருஷம் வர வேணாம்."

மறுநாள் காலை கக்கூஸில் உட்கார்ந்திருந்தேன். வேலை முடிந்தது. வெளியே குரல் இல்லை. காவலை எடுத்துவிட்ட மாதிரி இருந்தது.

"ஆச்சு" என்றேன், நானாக.

அடுப்படியிலிருந்து அவள் குரல் வந்தது. "யாரு கேட்டா?"

இன்னும் கொஞ்ச நேரம் அங்கேயே உட்கார்ந்திருந்தேன்.