சோத்துக் கை, பீச்சாங்கை

வஞ்சிரம் நறுக்கிக்கொண்டிருந்தேன். மீன் என் வலது கையிலிருந்து நழுவி விழுந்தது. எடுத்தேன், மறுபடியும் விழுந்தது. மீன் வாங்க எதிரே நின்ற அம்மாவிடம் "புது மீனும்மா, அதான் வழுக்குது" என்று சொல்ல வாயெடுத்தேன். வாய் கோணிக்கொண்டு வேறு ஏதோ சத்தம் வந்தது. திருவொற்றியூரில் இருபது வருடமாக மீன் விற்கிறேன். என் கையில் மீன் வழுக்கியது அன்றைக்குத்தான்.

ஆஸ்பத்திரியில் ஸ்கேன் பார்த்துவிட்டு 'இஸ்கீமிக் ஸ்ட்ரோக்' (மூளைக்குப் போகும் ரத்தக் குழாய் அடைத்து வரும் பக்கவாதம்) என்றார்கள். பதினோரு நாள் படுக்கை. அப்புறம் மாதக்கணக்கில் பிசியோதெரபி (தசைகளுக்குத் தரும் பயிற்சி). பேச்சு திரும்பியது. கால், இழுத்து இழுத்தாவது வந்தது. கை வரவில்லை. விரல்கள் மடங்கியே கிடந்தன. அதற்கு 'ஸ்பாஸ்டிசிட்டி' (தசை இறுகி, தளர மறுப்பது) என்று பெயராம்.

என் வீட்டுக்காரர் மீன்பிடி லாஞ்சில் கடலுக்குப் போனால் திரும்ப வாரக்கணக்கில் ஆகும். மகள் ரேவதிக்கு எண்ணூரில் ஒரு கம்பெனியில் பேக்கிங் வேலை. எனக்குப் புடவை கட்டிவிட, சோறு ஊட்ட என்று லீவு போட்டுப் போட்டு, வேலையையே விட்டுவிடுகிறேன் என்றாள். அது மட்டும் நடக்கக்கூடாது என்று முடிவு செய்தேன். மாற்றுத்திறனாளிக்கான உதவித்தொகை வந்தால் பகலில் ஒத்தாசைக்குப் பக்கத்து வீட்டுப் பெண்ணை வைத்துக்கொள்ளலாம். அதற்கு முதலில் மருத்துவர் பார்த்து, ஊனம் எத்தனை சதவீதம் என்று எழுத வேண்டும். அப்புறம் அடையாள அட்டை. அப்புறம்தான் தாலுகா ஆபீஸில் மனு.

முதல் தடவை போனபோது ஒரு பெண் மருத்துவர் இருந்தார். ரேவதியை வெளியே நிற்கச் சொன்னார்கள்.

"தலை வாரிக்குவீங்களா?"

"வாரிக்குவேன் டாக்டரம்மா."

"புடவை?"

"நானேதான் கட்டிக்கிறேன்."

"எந்தக் கையில சாப்பிடறீங்க?"

"சோத்துக் கையிலதான்."

அவர் எழுதிக்கொண்டார். வந்த சதவீதம் உதவித்தொகைக்குப் போதவில்லை. உள்ளே நான் சொன்ன பதில்களைக் கேட்டுவிட்டு ரேவதி வாசலிலேயே உட்கார்ந்துவிட்டாள்.

"இன்னாம்மா நீ? நான் ஊட்டி வுட்டுகினு கீறேன், நீ சோத்துக் கையில துன்றேன்னு சொல்லிட்டு வர்றே. மீன் விக்கவா போனே உள்ள?"

உண்மைதான். தன் கூடையில் இருப்பதை நேற்றைய மீன் என்று எவள் சொல்வாள்? யார் கேட்டாலும் 'சோக்கா கீது, கண்ணப் பாரு' என்று சொல்லிப் பழகிய வாய். உடம்பைக் கேட்டபோதும் அதையே சொல்லிவிட்டது. வெட்கமும் இருந்தது. ரேவதி இல்லாத நேரத்தில் பீச்சாங்கையால் தின்கிறேன் என்று நாலு பேர் நடுவில் எப்படிச் சொல்வது?

மறுபடி பார்க்கச் சொல்லி மனு கொடுத்தோம். நாள் கிடைத்தது. அதுவரை தயாரானோம். ஆதார், குடும்ப அட்டை, டிஸ்சார்ஜ் சம்மரி, ஸ்கேன், எல்லாவற்றுக்கும் நகல் எடுத்து ஒரு பையில் போட்டாள் ரேவதி. ஒரு ஞாயிற்றுக்கிழமை எனக்கு எதுவும் செய்யாமல் பார்த்துக்கொண்டே இருந்து நோட்டில் எழுதினாள். ஜாக்கெட் கொக்கி, முடியவில்லை. பேஸ்ட் மூடி, பல்லால். சோறு, ஸ்பூன், பீச்சாங்கை.

"கக்கூஸு?" என்று கேட்டாள்.

"அதுவும் இந்தக் கைதான்" என்றேன்.

அவள் எழுதவில்லை. திங்கிறதும் கழுவுகிறதும் ஒரே கை. நோய் வந்த பிறகு நான் வாய்விட்டு அழுதது அன்றைக்குத்தான்.

சாயங்காலம் அவளே டாக்டராக உட்கார்ந்தாள். "தல வாருவியாம்மா?"

"வாருவே..."

"அம்மா."

"முடியாது."

இந்த ஒரு சொல் நாக்கில் படிய ஒரு வாரம் ஆனது. உங்களில் யாராவது இதே வாசலில் நிற்கப் போகிறீர்கள் என்றால் என் அனுபவத்தைக் கேளுங்கள். கூட்டிச் சொல்ல வேண்டாம். பெருமைக்காகக் குறைத்தும் சொல்லாதீர்கள்.

இரண்டாம் தடவையும் அதே மருத்துவர். கையைத் தூக்கச் சொன்னார்.

"தோளத்தான் தூக்கறேன் டாக்டரம்மா. கை கூடவே வருது, அவ்ளோதான்."

நிமிர்ந்து பார்த்தார். "சாப்பிடறது?"

"பீச்சாங்கையில. கழுவறதும் அதே கைதான்."

பேனாவை வைத்துவிட்டு என் விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்துப் பார்த்தார். விட்டதும் அவை மடங்கிக்கொண்டன. "போன தடவை ஏன்மா இதைச் சொல்லல?"

"மீன் விக்கறவ டாக்டரம்மா நானு. செவுளத் தூக்கிக் காட்டுன்னு கேட்டாத்தான் காட்டுவோம்."

அவர் சிரித்துவிட்டார். பிறகு நிதானமாக எழுதினார். இந்தத் தடவை சதவீதம் போதுமானதாக இருந்தது; அந்தச் சீட்டை வைத்து அட்டை வந்தது.

போன வாரம் தாலுகா ஆபீஸுக்குப் போனோம். பின்னால் நீளமான வரிசை. கவுன்டரில் இருந்தவர் மனுவைப் பார்த்துவிட்டு மைப் பெட்டியை நகர்த்தினார். "கைநாட்டு வெச்சிடும்மா, ஆளுங்க நிக்கிறாங்க."

"கையெழுத்து போடுவேன் சார். இந்தக் கையில. கொஞ்சம் நேரமாவும்."

பழைய நோட்டில் தினமும் எழுதிப் பார்த்திருந்தேன். அங்கே பேனாவை இறுக்கிப் பிடித்தேன். 'க' போடவே ஒரு யுகம் ஆனதுபோல் இருந்தது. அதே நேரத்தில் முன்பு ஒரு கூறு மத்தியை விற்றுச் சில்லறையும் கொடுத்திருப்பேன். இப்போது எனக்கு ஒரு எழுத்துதான் ஆகிறது. பின்னால் யாரோ முணுமுணுத்தார்கள். என் காதுக்கு அது எட்டியது, கைக்கு எட்டவில்லை; அது தன் வேகத்திலேயே போனது.

ரேவதி செல்போனில் மணி பார்த்தாள். அவளுக்கு இரண்டு மணி ஷிப்ட்.

"நீ கெளம்பு" என்றேன்.

"நீ எப்டிம்மா தனியா..."

"ஷேர் ஆட்டோ புடிச்சி வூட்டுக்கு வந்துடுவேன். போ, லேட்டாவுது ஒனக்கு."

அவள் இரண்டு தடவை திரும்பிப் பார்த்தாள். பிறகு வேகமாக நடந்து போனாள். நான் குனிந்துகொண்டேன். கன்னியம்மாள் என்கிற பெயரில் இன்னும் மூன்று எழுத்து பாக்கி இருந்தது.