தொட்டி மண்ணில் ஓர் அரணை

கீழக்குயில்குடியில் ஒரு வீட்டுக்கு அஸ்திவாரம் தோண்டிக்கொண்டிருந்தோம். கல்லைப் புரட்டினால் அடியில் பென்சில் தடிமனில் ஒன்று பளபளவென்று நெளிந்தது. கூட வேலை பார்த்தவர் மண்வெட்டியை ஓங்கினார்.

"பாம்புக்குட்டி மாப்ள, தள்ளு."

"பொறு மாப்ள. கண்ண மூடித் தொறக்குது. பாம்பு இமைக்காது."

என்று தடுத்துவிட்டு, இன்னும் குனிந்து பார்த்தேன். அரணைதான். மண்ணுக்குள்ளேயே வாழும் வகை, கால் மட்டும் இல்லை. சோற்று டப்பாவில் மண்ணோடு அள்ளி அவனியாபுரத்துக்குக் கொண்டுவந்தேன்.

வீட்டில் விரிசல் விட்ட மீன் தொட்டி ஒன்று கிடந்தது. அரை அடி மண் போட்டு அதில் விட்டேன். உள்ளே போனதுதான், பிறகு தலை காட்டவில்லை.

"என்னத்த வளக்குறீக, மண்ணையா?" என்றாள் என் மனைவி.

"உள்ள இருக்கு."

"இருக்குன்னு ஒங்ககிட்ட வந்து சொல்லுச்சாக்கும்."

எனக்கும் அதே உறுத்தல்தான். தோண்டிப் பார்த்தால் வால் அறுந்துவிடும்.

தீனிக்கு, கோழிக்குஞ்சு வளர்ப்பவர்கள் செய்வதையே செய்தேன். பழைய பானையில் ஈரச் சாணியும் கிழிந்த சாக்கும் போட்டு மரத்தடியில் கவிழ்த்து வைத்தால், மறுநாள் கரையான் அப்பியிருக்கும். தட்டியெடுத்து, தொட்டியில் ஓட்டுச் சில்லுக்கு அடியில் போடுவேன். காலையில் குறைந்திருந்தால் உயிரோடு இருக்கிறது என்று அர்த்தம்.

ஒரு நாள் வேலைக்கு நேரமாகிவிட்டது. தட்டப் பொறுமையில்லை. பானையில் இருந்த சாணியை அப்படியே தொட்டியில் கொட்டி, மண்ணைத் தள்ளி மூடிவிட்டுப் போனேன்.

இரண்டு நாள் கழித்து, பட்டப்பகலில் அரணை மேலே கிடந்தது. மனைவி தெருவையே கூப்பிட்டுவிட்டாள்.

"வந்து பாருங்க, எங்க மண்ணு குட்டி போட்டிருக்கு."

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். சிரித்துக்கொண்டே மண்ணில் கை வைத்தேன். சூடு. சாணி உள்ளே வெந்துகொண்டிருந்தது. அரணை எங்களைப் பார்க்க வரவில்லை.

மண்ணை முழுக்கக் கொட்டினோம். வேப்பமரத்தடி மண்ணைச் சலித்துப் போட்டு, அரணையை மேலே விட்டேன். அசையவில்லை. மனைவி தண்ணீர் தெளித்தாள்.

"போ சாமி, உள்ள போ."

வெகுநேரம் கழித்துத் தலையை நுழைத்தது. கடைசியாக வால் போனது.

மறுநாள் கரையான் போட்டபடி கிடந்தது. அதற்கு மறுநாளும். மூன்றாம் நாள் விடிந்ததும் அவள்தான் சில்லைத் தூக்கிப் பார்த்தாள்.

"என்னங்க, தீனி காலி."

இதற்குமேல் வைத்திருக்க எனக்கு மனசில்லை. முதல் மழை பெய்ததும் கீழக்குயில்குடி மலையடியில் கொண்டுபோய் விட்டோம். பஸ்ஸில் டப்பாவை மடியைவிட்டு அவள் இறக்கவில்லை.

இப்போது அந்தத் தொட்டியில் கீரை போட்டிருக்கிறாள். பிடுங்கும்போது வேரை மெதுவாகத்தான் இழுக்கிறாள்.