பகல் பதினோரு மணிக்கு வீட்டில் இருந்தவர்கள்

எங்கள் வீட்டுக்காரருக்குத் தெருவில் 'யூனிட்டு' என்று பெயர். வீடு வீடாகப் போய் மின்சார மீட்டரைப் பார்த்துக் குறித்துக்கொண்டு வருவதுதான் இருபத்தேழு வருடமாக அவருடைய வேலை. போன தடவை எவ்வளவு, இந்தத் தடவை எவ்வளவு, நடுவில் எவ்வளவு ஓடியது என்று எதையும் அப்படித்தான் பார்ப்பார். பால் விலையானாலும் சரி, என் பிரஷரானாலும் சரி. ஆரம்பத்தில் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். இப்போது பழகிவிட்டது.

எங்கள் ஒரே மகளுக்கு டிசைன் படிக்க ஆசை. மருந்து அட்டையைக் கையில் கொடுத்தால் மாத்திரையைப் பார்க்க மாட்டாள். எழுத்து ஏன் இத்தனை பொடியாக இருக்கிறது, வயதானவர்கள் எப்படிப் படிப்பார்கள் என்று அட்டையோடு மல்லுக்கு நிற்பாள். பேர்போன தனியார் கல்லூரியில் இடம் கிடைத்தது. நாலு வருடத்துக்குப் பன்னிரண்டு லட்சம். வங்கிக் கடன் வாங்கினால், படிப்பு முடிந்ததும் மாதம் பதினேழாயிரம் வீதம் பத்து வருடம் கட்ட வேண்டும். அரசாங்கக் கல்லூரியிலும் இடம் இருந்தது, செலவும் கால்வாசிதான். ஆனால் அங்கே பாதி கம்ப்யூட்டர் ஓடாது என்று அவள் அந்தப் பேச்சையே எடுக்கவில்லை. இருபது நாளில் முடிவு சொல்ல வேண்டும்.

"படிச்சு முடிச்சா எவ்வளவு வரும்?" என்று கேட்டார் இவர். கல்லூரி கொடுத்த வழுவழு புத்தகத்தில் பக்கத்துக்குப் பக்கம் பிள்ளைகள் சிரித்தார்கள். சம்பளம் மட்டும் எங்கேயும் இல்லை.

"சரி, நானே விசாரிக்கிறேன்" என்றார். இவர் விசாரிக்கும் விதம் எனக்குத் தெரியும். பயந்த மாதிரியே மீட்டரைக் குறித்த கையோடு, "இங்க டிசைன் படிச்சவங்க யாராச்சும் இருக்காங்களா? முதல் சம்பளம் எவ்வளவு, இப்ப எவ்வளவு?" என்று வீடு வீடாகக் கேட்க ஆரம்பித்துவிட்டார். முன்பின் தெரியாத ஆளிடம் யாராவது சம்பளம் சொல்வார்களா? சொன்னார்கள். உட்காரவைத்து, தண்ணீர் கொடுத்து, மனம்விட்டுப் புலம்பினார்களாம்.

பதினைந்தாம் நாள் சாயங்காலம் நோட்டோடு வந்து உட்கார்ந்தார்.

"வேணாம்மா. பதினாலு பேரைப் பாத்தேன். ஒன்பது பேருக்கு வேலையே இல்ல. நாலு பேர் வீட்ல உக்காந்து விசிட்டிங் கார்டு போட்டுக் குடுக்கறாங்க, வந்தா வரும், வராட்டி இல்ல. ஒருத்தருக்கு மட்டும் நல்ல சம்பளம். கால் ஒடிஞ்சு லீவுல இருக்காரு."

மகளின் முகம் சுண்டிப்போனது. எழுந்து அறைக்குள் போய்விட்டாள். இந்த மனிதரையும் அவர் நோட்டையும் தூக்கி வெளியே போடலாமா என்று எனக்கு இருந்தது. பத்து நிமிடத்தில் அவளே திரும்பி வந்தாள்.

"அப்பா, நீங்க எத்தனை மணிக்குப் போனீங்க?"

"எப்பவும் போறதுதான். பத்துலேர்ந்து ஒரு மணி வரைக்கும்."

"பகல் பதினோரு மணிக்கு, வேலைக்குப் போறவங்க வீட்ல இருப்பாங்களா?"

அவர் நோட்டைப் புரட்டினார். எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. இத்தனை வருடமும் ஊரைப் பகலில் மட்டுமே பார்த்த மனிதர்! அவருக்குக் கோபம் வரவில்லை. "அதான் கால் ஒடிஞ்சவன் மட்டும் நல்லா சம்பாதிக்கிறானா?" என்று நோட்டை மறுபடி புரட்டினார்.

அந்த ஞாயிற்றுக்கிழமை மகளையும் கூட்டிக்கொண்டு அதே தெருக்களுக்குப் போனார். இந்தத் தடவை வேலையில் இருக்கும் பதினோரு பேர் கிடைத்தார்கள். முதல் சம்பளம் இருபதாயிரத்தைச் சுற்றி. ஐந்தாறு வருடத்தில் ஐம்பதைத் தொட்டவர்கள் பாதிப் பேர். மருந்து அட்டை வடிவமைக்கிற பெண் ஒருத்தி கூடவே இன்னொன்றும் சொன்னாளாம்: "நான் பெரிய காலேஜ், எனக்கு உடனே வேலை கிடைச்சுது. என் பக்கத்து சீட்டுக்காரர் அரசாங்கக் காலேஜ், ஒரு வருஷம் அலைஞ்சார். இப்ப ரெண்டு பேருக்கும் ஒரே சம்பளம்தான். என் தவணையை முதல் மூணு வருஷம் எங்கப்பாதான் கட்டினார்."

வீட்டுக்கு வந்ததும் இவர் வங்கிப் படிவத்தை எடுத்தார். "கையெழுத்துப் போட்டுடறேன். மூணு வருஷம்தானே, நான் பாத்துக்கறேன்."

"அப்பா, உங்க சம்பளம் எவ்வளவு?"

இருபத்தைந்து பேரிடம் இவர் கேட்ட கேள்வி. இவரிடம் இந்த வீட்டில் யாரும் கேட்டதே இல்லை. எனக்கும் தெரியாது. செலவுக்கு என்று கையில் கொடுப்பதை வாங்கிக்கொள்வேன், அவ்வளவுதான்.

"முப்பத்தாறாயிரம்" என்றார், தரையைப் பார்த்துக்கொண்டு.

"ரிட்டையராக?"

"அஞ்சு வருஷம் இருக்கு."

"படிப்பே நாலு வருஷம்ப்பா." படிவத்தை அவர் கையிலிருந்து மெல்ல வாங்கினாள். "நான் அரசாங்கக் காலேஜ்லயே சேந்துக்கறேன்."

அவர் நிமிர்ந்து பார்த்தார். "நான் கட்ட மாட்டேன்னு நினைக்கிறியாம்மா?"

"கட்டிடுவீங்க" என்றாள். "அதான் வேணாங்கறேன்."