மேற்பார்வை அக்கா

நோயாளி வீடு திரும்பிய கட்டிலின் பழைய விரிப்பை உருவிக் கூடையில் போட்டதும், மெத்தையைத் துடைக்கும் முன், செருப்பைக் கழற்றிவிட்டு அவள் அந்தக் கட்டிலில் ஏறி மல்லாந்து படுத்துக்கொள்வாள். ஒரு நிமிடம், அதற்கு மேல் இல்லை. மூலையில் தொங்கும் ஒட்டடை, கண்ணைக் குத்தும் குழல்விளக்கு, மின்விசிறி இறக்கையில் அப்பிய கறுப்பு எல்லாம் அப்போதுதான் அகப்படும். இறங்கியதும் ஒட்டடைக் கம்பைத் தேடிப் போவாள்.

"நின்னு பாத்தா ரூமு பளபளன்னுதான் இருக்கும். அதோட லட்சணம் படுத்தவங்களுக்குத்தானே தெரியும்?" என்பாள்.

எலும்பு முறிவு வார்டைத் துப்புரவு செய்கிறவளுக்கு நர்சுகள் வைத்த பெயர் மேற்பார்வை அக்கா. நிஜ மேற்பார்வையாளர் வேறொருவர். அவர் தரையைத் தவிர எதையும் பார்த்ததில்லை.

இந்தப் பழக்கம் அவள் கணவரால் வந்தது. படியில் வழுக்கி இடுப்பெலும்பு முறிந்து, வேறொரு மருத்துவமனையில் இரண்டு மாதம் கிடந்தவர். வீடு திரும்பிய பிறகு, ரொம்ப வலித்ததா என்று கேட்டாள்.

"வலி கெடக்குது. மேல ஒரு பல்லி செத்து ஒட்டிக்கிட்டு இருந்துச்சு. ரெண்டு மாசமும் அதையேதான் பாத்துக்கிட்டுக் கெடந்தேன்."

"என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா?"

"நீ வந்ததும் சாப்பாட்டுக் கேரியரைத் தொறப்ப, மூடுவ, ஓடுவ. உன்கிட்ட எங்க சொல்ல?"

அவர் இப்போது நன்றாக நடக்கிறார். அவளுக்குத்தான் அது ஆறவில்லை. "தினமும்தான் போனேன். ஒரு நாளாவது தலையத் தூக்கிப் பாத்தேனா?" என்று இன்றைக்கும் கேட்டுக்கொள்வாள்.

காலை பத்து மணி வாக்கில் ஜன்னல் வெயில் தரையில் விழும் இடத்தில் தண்ணீர் வாளியைக் கொண்டுபோய் வைப்பாள். கூரையெல்லாம் ஒளி நெளியும். "படம் ஓடுது, பாருங்க. டிக்கெட் கெடையாது" என்பாள். சிணுங்கிக்கொண்டிருப்பவர்கள்கூட வாயை மூடிக்கொண்டு பார்ப்பார்கள். அது முடிந்துதான் தரைத் துடைப்பானை நனைப்பாள்.

ஏழாம் கட்டிலுக்கு ஒரு லாரி டிரைவர் வந்தார். முதுகெலும்பில் முறிவு. ஆறு வாரம் தலையைக்கூடத் தூக்கக் கூடாது. ஜன்னலுக்கு எதிரே சாலை. ஹாரன் சத்தம் கேட்கும்போதெல்லாம் அவர் தவித்தார். "அக்கா, இப்பப் போச்சே, பத்துச் சக்கர வண்டியா அது?" அவளும் ஓடிப்போய் எட்டிப்பார்த்து, எண்ணிச் சொல்வாள். நான்கு நாள் சொன்னாள். ஐந்தாம் நாள், கணவரின் சவரக் கண்ணாடியைக் கொண்டுவந்து, குளுக்கோஸ் பாட்டில் மாட்டும் கம்பியில் கட்டுத்துணியால் இறுகக் கட்டினாள்.

அதைச் சாலை தெரியும் சாய்வில் நிறுத்த, அவர் கண் இருக்கும் இடத்தில் இவள் கண் இருக்க வேண்டுமே! குந்தி உட்கார்ந்து, தலையணை ஓரத்தில் கன்னத்தை வைத்து, கையை நீட்டித் திருப்பினாள். அந்த நேரம் பார்த்தா மேற்பார்வையாளர் உள்ளே வரவேண்டும்?

"என்னம்மா கூத்து இது?"

அவள் எழுவதற்குள் டிரைவர் முந்திக்கொண்டார். "சார், கொஞ்சம் தள்ளி நில்லுங்க. பஸ்ஸு மறைக்குது."

வேலை நேரத்தில் கட்டிலில் படுத்திருந்ததாக ஏற்கெனவே ஒரு எச்சரிக்கைக் கடிதம் வாங்கியிருந்தாள். இது இரண்டாவது. மூன்றாவது வந்தால் வீட்டுக்குப் போகவேண்டியதுதான். மறுநாளே அவளைக் கீழ்த்தளக் கிடங்குக்கு அனுப்பிவிட்டார்கள். அங்கே அட்டைப்பெட்டிகளைத் தூசி தட்டினாள்.

வார்டில் அவள் இடத்துக்கு வந்தவள் பாவம், நல்லவள்தான். துடைக்கும்போது கம்பியை லேசாக இடித்துவிட்டாள். அன்றிலிருந்து டிரைவருக்குக் கண்ணாடியில் தெரிந்ததெல்லாம் தன் கால் கட்டைவிரல். ஆளாளுக்கு வந்து திருப்பினார்கள். ஒன்றும் சரிப்படவில்லை. "எல்லாரும் நின்னுக்கிட்டே திருப்புறாங்க" என்று முனகினார். மூன்றாம் நாள் சாப்பாட்டுத் தட்டு அப்படியே திரும்பிப் போனது.

தலைமை நர்சும் தன் பங்குக்குத் திருப்பிப் பார்த்துவிட்டு, நேராக மேற்பார்வையாளர் அறைக்குப் போனார். கதவு சாத்தியிருந்தது. உள்ளே என்ன பேசினார்களோ! மத்தியானமே இவளை மேலே கூப்பிட்டுவிட்டார்கள். வந்ததும் ஏழாம் கட்டிலருகே குந்தினாள். "இப்ப?" என்றாள். "இன்னும் ஒரு நூலு, அக்கா" என்றார் அவர்.

ஆறு வாரம் முடிந்தது. டாக்டரும் இரண்டு நர்சுகளுமாக அவரை எழுப்பி உட்காரவைத்தார்கள். பின்னால் தாங்கிக்கொள்ள இவளை நிறுத்தினார்கள். எல்லோர் கண்ணும் அவர் முதுகில் கட்டியிருந்த பட்டையில் இருந்தது. அவர் கண் ஜன்னலில் இருந்தது. சாலையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

பின்னந்தலை இவளுக்கு மட்டும்தான் தெரிந்தது. ஆறு வாரத் தலையணையில் அழுந்தி, முடி சிக்குப் பிடித்து அப்பிப்போயிருந்தது. ஒரு கையால் அவர் முதுகைத் தாங்கியபடியே, மேசை மேலிருந்த டம்ளரில் மறு கையின் விரல்களை நனைத்து, அந்த முடியை மெல்லக் கோதிவிடத் தொடங்கினாள்.