மூழ்கிய வயல்களின் சராசரி

ஓய்வுபெறச் சில ஆண்டுகளே இருந்தபோது, கணினி நிரல் எழுதக் கற்றுக்கொள்ளும்படி எனக்கு உத்தரவு வந்தது. காரைக்காலில் அரசுக்காகப் புள்ளிவிவரம் சேர்க்கும் வேலை எனக்கு. எங்களுக்கு அரசு என்பது புதுச்சேரியில் இருக்கிறது. அங்கிருந்து கிளம்பும் எந்த யோசனையும் நடுவில் தமிழ்நாட்டைக் கடந்து வர வேண்டியிருப்பதால் கொஞ்சம் களைத்துப்போய்த்தான் வந்து சேரும். இந்த உத்தரவு மட்டும் விரைவாக வந்துவிட்டது. யாராவது ஒருவரை அனுப்பியே ஆக வேண்டும். இளையவர்கள் எல்லாருக்கும் வேலை இருந்தது. ஆகவே என்னை அனுப்பினார்கள்.

பயிற்சி ஒரு வாரம். குளிரூட்டிய அறை, முந்திரி பிஸ்கட், ஆளுக்கொரு மடிக்கணினி. பாடம் நடத்தியவர் என் மகள் வயதுடைய ஒரு பெண்மணி.

"மௌஸை விட்டுடுங்க சார். இதுல எதையும் எழுதித்தான் கேட்டு வாங்கணும்."

"முப்பது வருஷமா எழுதிக் கேட்டுத்தாம்மா வாங்கிக்கிட்டிருக்கோம்" என்றேன். அறை சிரித்தது. அந்த ஒரு வாரத்தில் நான் சரியாகச் சொன்னது அது ஒன்றுதான்.

ஒரு காற்புள்ளி விடுபட்டாலும் அந்த மென்பொருள் சிவப்பு எழுத்தில் திருப்பி அனுப்பிவிடும். கருவூலத்துக்குப் பில் அனுப்பிப் பழகியவனுக்கு இதில் மிரள ஒன்றுமில்லை. மூன்றாம் நாள் சராசரி போடக் கற்றுக்கொண்டோம். நிரையில் ஒரே ஒரு கட்டம் காலியாக இருந்தாலும் அது விடை தராமல் அடம்பிடித்தது. அதை வழிக்குக் கொண்டுவர ஒரு சிறிய சொற்றொடர் உண்டு. தமிழில் சொன்னால், 'இல்லாததை நீக்கு: உண்மை.' அதைச் சேர்த்தால் காலிக் கட்டங்களைத் தள்ளிவிட்டு மீதியை வைத்து விடை தந்துவிடும்.

"காலியா இருந்தா ஏன் காலியா இருக்குன்னு முதல்ல பாருங்க. அப்புறமா நீக்குங்க" என்றார் அந்தப் பெண்மணி. அதற்குள் தேநீர் வந்துவிட்டதால் நான் பின்பாதியை மட்டும் குறித்துக்கொண்டேன்.

ஊர் திரும்பியதும் என் நடை மாறிவிட்டது. அதுவரை எக்செல்லில் கூட்டல் போடவே பக்கத்து மேசைக்காரரைக் கூப்பிட்டவன், "இன்னுமா எக்செல்ல போடுறீங்க?" என்று அவரையே கேட்டேன். கறுப்புத் திரையில் எழுத்துகள் ஓட, கைகட்டிப் பார்த்துக்கொண்டிருப்பதில் ஒரு சுகம் இருந்தது. யாராவது அறைக்குள் வந்தால் ஓடி முடிந்ததை மறுபடி ஓட விடுவேன்.

அந்த ஆண்டு சம்பா கதிர் முற்றிய நேரத்தில் மழை பிடித்துக்கொண்டது. காவிரியின் கடைமடை எங்களுடையது. ஆற்றில் தண்ணீர் கடைசியாக வந்து சேரும் இடமும் இதுதான், வடிய வழியில்லாமல் நிற்கும் இடமும் இதுதான். நெல் படுத்து, கதிரிலேயே முளைவிட்டது. ஒரு ஊருக்குப் பயிர்க் காப்பீடு கிடைக்குமா என்பது அந்த ஊரின் சராசரி விளைச்சல் எவ்வளவு குறைந்தது என்பதைப் பொறுத்தது. அதற்காக ஊருக்கு நான்கு வயல்களைக் குலுக்கலில் எடுத்து, ஒவ்வொன்றிலும் முளையடித்துக் கயிறு கட்டி, அந்தச் சதுரத்துக்குள் விளைந்ததை அறுத்து எடை போடுவார்கள். அந்த எடைகள் என் மேசைக்கு வரும்.

எங்கள் களப் பணியாளர்களிடம் ஒரு பழக்கம் இருந்தது. மூழ்கிப்போன வயலில் அறுக்க ஒன்றும் இருக்காது. ஆனால் படிவத்தில் பூஜ்யம் எழுத மாட்டார்கள். பூஜ்யம் எழுதினால் மேலிருந்து கேள்வி வரும்: நேரில் போனாயா, படம் எங்கே, சாட்சி யார். ஆகவே ஒரு கோடு இழுத்துவிடுவார்கள். கோட்டை யாரும் கேள்வி கேட்பதில்லை. கையால் கணக்குப் போட்ட காலம் முழுவதும் அந்தக் கோட்டைப் பூஜ்யமாக எடுத்து நான்கால் வகுத்தவன் நான். அது எங்கள் அலுவலகத்தில் நாற்காலிகளுக்குக்கூடத் தெரியும். கணினியில் ஏற்றியபோது கோடுகள் காலிக் கட்டங்களாயின. நான் கற்று வந்த வித்தையைச் சேர்த்து ஓட்டினேன்.

வெள்ள ஆண்டில் விளைச்சல் கூடியிருந்தது.

இதைப் பார்த்து யாராவது திடுக்கிட்டிருக்க வேண்டும். மேலதிகாரி என் வண்ண வரைபடத்தைப் பார்த்து, "காரைக்கால்னா பின்தங்கியிருக்கும்னு பேசுறவங்களுக்கு இதைக் காட்டணும் சார்" என்றார். தலைமையகத்துக்கு வந்து செய்துகாட்டும்படி அழைப்பும் வந்தது. சட்டைக்கு இஸ்திரி போட்டு வைத்தேன்.

செய்துகாட்டும் நாளுக்கு முன் ஒருவர் வந்தார். அம்பகரத்தூர் தாண்டி ஒரு சிறிய ஊர்; பள்ளி ஆசிரியர், விவசாயமும் உண்டு. காப்பீடு கிடைக்காத ஊர்களில் தங்கள் ஊரும் இருப்பதாகக் கேள்விப்பட்டு வந்திருந்தார்.

"ஊரே படுத்துக் கெடக்கு சார். உங்க கணக்குல மட்டும் எப்படி வெளஞ்சுது?"

"நாங்க கையால போடலீங்க. கம்ப்யூட்டர் போட்டது."

"அது எங்க ஊருக்கு வந்துச்சுங்களா?"

"நீங்க படிச்சவங்க, நீங்களே இப்படிக் கேட்டா எப்படி?" என்று சொல்லி அனுப்பிவிட்டேன்.

அவர் போனபின் கோப்பைத் திறந்தேன். அவர் ஊரில் நான்கில் இரண்டு வயல்கள் காலிக் கட்டங்கள். மீதி இரண்டும் சாலையோரத்து மேட்டு வயல்கள். மேட்டில் விளைந்த நெல்லை மட்டும் வைத்து அந்த ஊருக்கே நல்ல விளைச்சல் என்று சான்று கொடுத்திருந்தேன். என்ன நடந்தது என்று புரிய ஒரு தேநீர் குடிக்கும் நேரம் போதுமானதாக இருந்தது. திருத்தவும் நேரம் இருந்தது. பட்டியல் இன்னும் இறுதியாகவில்லை. ஒரு வரியை மாற்றி மறுபடி ஓட்டி, தலைமையகத்துக்கு ஒரு தொலைபேசி அழைப்பு. அவ்வளவுதான்.

நான் பேருந்து ஏறிப் போய்ச் செய்துகாட்டினேன். கைதட்டினார்கள். பொன்னாடை போர்த்தினார்கள். பாராட்டியவர்களிடம் உடனே போய்த் தவறு என்று சொல்வது மரியாதையாக இருக்காது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். பட்டியல் இறுதியானது. பிறகு அந்த ஆசிரியர் தகவல் கேட்டு மனுப் போட்டார். பதில் எழுதும் பொறுப்பு என்னிடமே வந்தது. 'உரிய மென்பொருள் மூலம் முறையாகக் கணக்கிடப்பட்டது' என்று எழுதினேன். அதில் பொய்யான சொல் ஒன்றுகூட இல்லை. அதற்குத்தானே அரசு சம்பளம் கொடுத்தது.

மறு ஆண்டு சத்தமில்லாமல் அந்த வரியைத் திருத்திவிட்டு ஓய்வுபெற்றேன். வீட்டில் உட்கார்ந்த பின்தான் வெட்கம் வந்தது. வேலையில் இருந்தவரை அதற்கு விடுப்பு கிடைக்கவில்லை போலும். ஒருநாள் பேருந்து பிடித்து ஆசிரியர் வீட்டுக்குப் போய் நடந்ததைச் சொன்னேன். அவர் குறுக்கிடாமல் கேட்டார்.

"எங்கிட்ட மட்டும் சொல்லிட்டு நிம்மதியாப் போயிடலாம்னு பாக்குறீங்களா சார்? ஞாயித்துக்கிழமை ஊர்க்கூட்டம் இருக்கு. வந்து எல்லாருக்கும் சொல்லுங்க. எழுதிக் கையெழுத்தும் போட்டுக் கொண்டாங்க."

"பென்ஷன்ல கைவச்சுடுவாங்களோன்னு..."

"எங்களுக்குத்தான் அந்தக் கவலையே இல்லையே" என்றார்.

எழுதிக்கொண்டு போனேன். கோயில் மண்டபத்தில் நாற்காலி போட்டிருந்தார்கள். நான் சராசரி, காலிக் கட்டம், மென்பொருள் என்று ஆரம்பித்தேன். "சார் இங்கயும் கிளாஸ் எடுக்குறாரு" என்று பின்னால் ஒருவர் சொல்ல, சிலர் சிரித்தார்கள். காப்பீட்டுக் கம்பெனிக்கு அனுப்ப ஆசிரியர் என் கடிதத்தை வாங்கி மடித்துக்கொண்டார். காலக்கெடு தாண்டிவிட்டது என்ற பதில் பிற்பாடு வந்தது. அப்படித்தான் வரும் என்று அன்றே எனக்குத் தெரியும். அதையும் சொன்னேன்.

முன்வரிசையில் இருந்த ஒரு அம்மாள் எழுந்தார். குலுக்கலில் வந்த வயல்களில் ஒன்று அவருடையது. இடுப்பளவு தண்ணீரில் நின்று, கயிறு கட்ட வந்தவருக்கு இடம் காட்டியவர்.

"ஐயா, எனக்கு இந்தக் கணக்கெல்லாம் வேணாம். ஒன்னு சொல்லுங்க. எங்க வயலு உங்க கம்ப்யூட்டர்ல இருந்துச்சா, இல்லியா?"

"இருந்துதும்மா. நான்தான் எடுத்துட்டேன்."

"எடுத்துட்டு அங்க என்னத்த வச்சீங்க?"

"ஒன்னும் வைக்கலம்மா."

"அப்ப அந்த வருஷம் நாங்க அடிச்ச உரம், பறிச்ச களை, நட்ட கூலி எல்லாம்?"

அந்த அம்மாள் பக்கத்தில் இருந்தவளிடம், "வா, மாடு கத்தும்" என்று சொல்லிவிட்டுச் செருப்பைத் தேடி மாட்டிக்கொண்டு இறங்கிப் போனார். கூட்டம் அடுத்த விஷயத்துக்குப் போனது. வாய்க்கால் தூர்வாருவது பற்றி. எழுந்து போகலாமா கூடாதா என்று தெரியாமல், அது முடியும்வரை நானும் உட்கார்ந்திருந்தேன்.