கூப்பிட மட்டும் தெரிந்தவன்

பம்பை பழகுகிறவனுக்கு முதலில் நோவது கை என்று எல்லோரும் நினைக்கிறார்கள். இல்லை, இடுப்பு. சேர்த்துக் கட்டிய அந்த இரட்டை மேளத்தை இடுப்பில் மாட்டிக்கொண்டு நின்றால், கயிறு எலும்பின்மேல் உட்கார்ந்துகொண்டு எழுந்திருக்காது. நான் அதை மாட்டிக்கொண்டது யுத்த காலத்தில். நூலுக்குக் கட்டுப்பாடு வந்து, திருத்தணியில் எங்கள் தெருத் தறிகள் எல்லாம் நின்றுபோயிருந்த வருஷம் அது. எனக்கும் எல்லாம் நின்றுபோயிருந்தது. என் மனைவி காய்ச்சலில் விழுந்து, பேச்சடைத்து, ஒரு வார்த்தை சொல்லாமல் போய்விட்டாள். அவளுடைய வருஷ திதியைக் கொடுத்து முடித்திருந்தோம்.

எனக்குச் சொல்லிக்கொடுத்தவன் அவளுடைய தம்பி. பொதட்டூர்பேட்டைக்காரன், என்னைவிட வயதில் சின்னவன், நெய்வதைவிட அடிப்பதில் பிரியம் அதிகம். அவனோடு ஜோடியாக அடித்துக்கொண்டிருந்தவன் பட்டாளத்தில் சேர்ந்துவிட்டான். ஆடிக் கிருத்திகைக்குக் காவடிகளோடு மலையேற ஆள் வேண்டும் என்று என்னிடம் வந்து நின்றான்.

"தறிதான் தூங்குதே பாவா. சும்மாதான கீறீங்க?"

அக்காள் புருஷன் என்ற மரியாதை எல்லாம் அதுவரைதான். பம்பை என் இடுப்பில் ஏறியதும் அவன் வாயிலிருந்து மரியாதை இறங்கிவிடும்.

"கையப் பாக்காத! எதிர்ல நிக்கிறவங்க மூஞ்சப் பாரு! இன்னாத்துக்குக் கால ஆட்ற?"

கால் ஆடியது உண்மைதான். தறி மிதித்தே வளர்ந்த கால். கை ஒரு பக்கம் அடித்தால், கால் இரண்டும் இல்லாத மிதிபலகையைத் தேடிக்கொண்டு மிதிக்கும். பார்க்கிறவர்களுக்கு நல்ல வேடிக்கை. எனக்குக் கோபம் மூக்குக்கு மேல் வரும். குச்சியை வீசி எறிந்துவிட்டு வீட்டுக்கு வந்துவிடுவேன். மறுநாள் நானே போய் நிற்பேன்.

ஏன் போனேன் என்பதைச் சொல்ல வேண்டும். பம்பை காவடிக்கு மட்டும் அடிப்பதல்ல. எங்கள் பக்கத்தில் ஒரு வீட்டில் கல்யாணம் என்றால், அந்த வீட்டில் பூவும் மஞ்சளுமாகப் போனவளை முதலில் கூப்பிட்டுக் கேட்க வேண்டும். பூவாடைக்காரி என்போம். கிணற்றங்கரையில் புதுப்புடவையும் பூவும் வைத்துப் பம்பையடித்து அழைத்தால், வீட்டுப் பெண்கள் யார்மேலாவது வருவாள். அவள் உத்தரவு கொடுத்தால் கல்யாணம், கொடுக்காவிட்டால் அந்தப் பேச்சே கிடையாது. என் அம்மா கனகம்மாசத்திரத்தில் எனக்கு ஒரு பெண்ணைப் பார்த்து வைத்திருந்தாள். ஆக, கேட்கப்பட வேண்டியவள் என் மனைவி.

பேய், பிசாசு, சாமியாட்டம் ஒன்றிலும் எனக்கு நம்பிக்கை கிடையாது. பூசாரிகளோடு மல்லுக்கு நிற்பவன் என்று தெருவில் பெயர் எடுத்தவன் நான். ஆனால் அவள் வர வேண்டும் என்று ஆசைப்பட்டேன். வந்து, வேண்டாம் என்று சொல்ல வேண்டும். அதைவிட, ஏதாவது ஒன்றைச் சொல்ல வேண்டும். கடைசியில் பேசாமல் போனாளே, அதுதான் என்னால் தாங்க முடியாததாக இருந்தது.

மைத்துனனுடைய கோஷ்டியில் ஒரு கட்டுப்பாடு உண்டு. புதிதாகப் பழகுகிறவனுக்கு முதலில் அனுப்புகிற அடியைத்தான் சொல்லித்தருவார்கள். வந்தவளை வழியனுப்பத் தெரிந்த பிறகுதான் கூப்பிடுகிற அடி. அதையும் தோலில் அடித்துப் பழகக் கூடாது, வீட்டில் அடிக்கவே கூடாது. எனக்கோ அனுப்புகிற அடி ஏறவே இல்லை. நீளமானது, நடுவில் திரும்பித் திரும்பி வரும், நான் மூன்றாவது திருப்பத்தில் கவிழ்ந்துவிடுவேன். ஏறவில்லை என்பது பாதி. எனக்கு அது வேண்டியிருக்கவில்லை என்பது மீதி. கூப்பிடுகிற அடியை அவன் சொல்லித்தரவில்லை. பக்கத்துத் தெருக் கல்யாணத்தில் கேட்டு, காதாலேயே பிடித்துக்கொண்டேன். அது மட்டும் கையில் வந்து தானாக உட்கார்ந்தது.

அம்மா கடைத்தெருவுக்குப் போகும் நேரமாகப் பார்த்து, தறிப் பலகையில் உட்கார்ந்து, அந்தப் பலகையிலேயே விரலால் அடிப்பேன். பலகைதானே, தோல் இல்லையே என்று எனக்கு நானே வக்கீலாகிக்கொண்டேன். மத்தியான வெயில், மூடிய கதவு, ஓடாத தறி. அடித்துவிட்டுக் காது கொடுத்துக் கேட்பேன். மலைமேலிருந்து மணிச் சத்தம் கேட்கும். வேறொன்றும் இருக்காது.

ஒன்றும் இல்லை என்றுதான் நினைத்தேன். பிறகு ஒரு நாள் அம்மா கூடத்தைத் தாண்டும்போது, தறிக்குப் பக்கத்தில் சட்டென்று ஒதுங்கி, சுவரோரமாகச் சுற்றிக்கொண்டு போனதைப் பார்த்தேன். அங்கே ஒன்றும் இல்லை. என் மனைவி கால் நீட்டி உட்கார்ந்து நூல் சுற்றுகிற இடம் அது. நானும் சில நாட்களாக அப்படித்தான் சுற்றிக்கொண்டு போய்க்கொண்டிருந்தேன். அம்மா என்னைப் பார்த்தாள். நான் அவளைப் பார்த்தேன்.

அதற்குப் பிறகு வீடு நிறைந்துபோன மாதிரி ஆகிவிட்டது. சோறு போடும்போது அம்மா மூன்று தட்டு எடுத்துவிட்டு, ஒன்றைத் திரும்பக் கொண்டுபோய் வைப்பாள். வாசற்கதவைச் சாத்தப் போனால், யாரோ இன்னும் உள்ளே வரவில்லை என்றோ, இன்னும் வெளியே போகவில்லை என்றோ கை தயங்கும். பயமாக இருந்தது. ஆனாலும் அடிப்பதை நான் நிறுத்தவில்லை. பயத்தோடு பயமாக ஒரு சந்தோஷமும் இருந்தது, அதை மறைப்பானேன். அம்மா மட்டும் இளைத்துக்கொண்டே வந்தாள். கால் கடுக்கிறது, நாளெல்லாம் நின்ற மாதிரி கடுக்கிறது என்று விளக்கெண்ணெய் தேய்த்துக்கொள்வாள்.

பூவாடைக்காரியை அழைக்க நாள் குறித்தார்கள். பொழுது சாயும் வேளையில் தெருக் கிணற்றங்கரையில் கூடினோம். மைத்துனன் ஒரு பம்பை, நான் ஒரு பம்பை. கூட அடித்தால் போதும், தனியாக ஒன்றும் செய்யாதே என்று சொல்லியிருந்தான். அம்மா புடவைத் தட்டைக் கீழே வைத்துவிட்டு, நேரமாகிறதென்று எல்லோரையும் விரட்டிக்கொண்டிருந்தாள். உலை கொதிக்கிறவரைகூடப் பொறுக்கமாட்டாதவள் அவள். அவளுக்கும் என் மனைவிக்கும் இருந்த வரை ஏழாம் பொருத்தம்தான்.

மைத்துனன் குச்சியைத் தூக்கினான். இன்னும் தோலைத் தொடவில்லை. அதற்குள் அம்மா என் பக்கம் திரும்பினாள்.

"எத்தினி வாட்டிங்க கூப்புடுவீங்க?"

பிறந்ததிலிருந்து என்னை வாடா போடா என்பதைத் தவிர வேறு விதமாக என் அம்மா கூப்பிட்டதில்லை. இப்படி 'ங்க' போட்டு என்னிடம் பேசியவள் ஒருத்திதான்.

"கூப்புட்றீங்க, வரேன். வந்தா இன்னான்னு கேக்கறது இல்ல. போன்னு சொல்றதும் இல்ல. வூட்டுக்குள்ள நின்னுகினே கீறேன். கால் நோவுதுங்க."

மைத்துனன் என்னைத் திரும்பிப் பார்த்தான். ஒரு பார்வையிலேயே அவனுக்கு எல்லாம் விளங்கிவிட்டது.

"வூட்ல அடிச்சீங்களா பாவா?"

"ஆங்" என்றேன்.

அவன் திட்டவில்லை. அம்மாவின் எதிரில் போய்க் கைகூப்பி நின்றான். "அக்கா, பாவாவுக்கு ஒரு பொண்ணு பாத்துகிறாங்க. உன் உத்தரவு வேணும்" என்றான். சின்ன வயதில் அவளுடைய இடுப்பில் வளர்ந்த பிள்ளை அவன்.

நான் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றேன். வேண்டாம் என்று சொல், வேண்டாம் என்று சொல் என்று உள்ளே கத்திக்கொண்டிருந்தேன்.

"கட்டிக்கட்டும். நல்லா இருக்கட்டும்" என்றாள். பிறகு என்னைப் பார்த்து, "என்னிய அனுப்பிடுங்க" என்றாள்.

மைத்துனன் தன் பம்பையை அவிழ்த்துக் கீழே வைத்தான். "கூப்ட்டவங்கதான் பாவா அனுப்பணும். நான் அடிச்சா போவாது" என்றான். என் காதுக்குப் பக்கத்தில் குனிந்து, அடியை வாயாலேயே மெல்லச் சொல்லிக்கொண்டு வந்தான். நான் அடித்தேன். மூன்றாவது திருப்பத்தில் கவிழ்ந்தேன். தவறினால் நடுவிலிருந்து எடுக்கக் கூடாது, முதலிலிருந்துதான் தொடங்க வேண்டும். தொடங்கினேன், மறுபடியும் கவிழ்ந்தேன். இருட்டிக்கொண்டு வந்தது. யாரோ அரிக்கேன் விளக்கைக் கொண்டுவந்து கிணற்றுக் கட்டையில் வைத்தார்கள்.

அவள் கைகளைக் கட்டிக்கொண்டு நின்றாள். நான் தவறும்போதெல்லாம் முகம் சுளிக்காமல், மறுபடியும் முதலிலிருந்து கேட்டுக்கொண்டு நின்றாள். "அவசரம் ஒன்னும் இல்லைங்க. மெதுவா அடிங்க" என்றாள். என் அம்மாவின் உடம்பில் அந்தப் பொறுமைக்கு இடமே கிடையாது. வந்திருப்பது அவள்தான். அது தெரிந்ததும் என் கண்ணை நீர் மறைத்துவிட்டது.

அடுத்த தடவை அடி சரியாக வந்தது. மூன்றாவது திருப்பத்தையும் தாண்டிவிட்டேன். இன்னும் கொஞ்சம்தான், முடிந்துவிடும் என்று தெரிந்தது. வேண்டுமென்றே தப்பாக அடித்தேன்.

அவள் என்னையே பார்த்தாள். அவளுக்குத் தெரிந்துவிட்டது. கோபப்படவில்லை.

"கால் நோவுதுங்க" என்றாள்.

நான் முதலிலிருந்து தொடங்கினேன். கையைப் பார்க்கவில்லை, அவள் முகத்தையே பார்த்து அடித்தேன். கால் ஆடவில்லை. ஒரு திருப்பம் போயிற்று, இன்னொன்று போயிற்று, எல்லாம் போயிற்று. கடைசி அடி விழுந்ததும் அம்மா அப்படியே கல்லின்மேல் சரிந்து உட்கார்ந்தாள். கொஞ்ச நேரத்தில் கண்ணைத் திறந்து, "இன்னாடா எல்லாம் என்னியே பாக்கறீங்க? தண்ணி குடுங்க" என்று எரிந்து விழுந்தாள்.

மைத்துனன் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு என் தோளில் கை வைத்தான். அத்தனை நாள் பழக்கத்தில் அவன் என்னை ஒரு வார்த்தை பாராட்டியது கிடையாது.

"வந்துட்ச்சு பாவா. ஒரு தப்பு இல்ல" என்றான்.

கைக்கு வந்துவிட்டது. அவள் போய்விட்டாள்.